எட்டுக்கால் பறவைக்கு ஒரு லென்ஸ்

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால் மனுஷர்களைத் திட்ட மாட்டார், சாமான்களைத்தான் திட்டுவார். செருப்பு கடித்தால் செருப்பு கயவாளி. விளக்கு புகைந்தால் விளக்கு உருப்படாது. வாழ்க்கைப்பட்ட புதிதில் இது எனக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிந்தது, பிறகு பழகிவிட்டது. வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில், அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்தபோது, ஒரு மழைக்காலம் முழுக்க அவர் லென்ஸுகளைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டுக்குப் பின்னால் எங்கள் சோறே ஆடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் எனக்கு அது மறக்கவில்லை.

அவர் கூட்ஸ் வண்டி கார்டு. ரயில் உலகத்தில் கூட்ஸ் வண்டிக்கு மரியாதை கிடையாது. மெயில் போக வேண்டும், பாஸஞ்சர் போக வேண்டும், அதிகாரி ஏறின தனி வண்டி போக வேண்டும். அதுவரைக்கும் ஏதாவது ஒரு சிக்னல் கைகாட்டி மரத்துக்கு வெளியே இவர் வண்டி காத்துக் கிடக்க வேண்டும். வண்டியின் வாலில் இருக்கிற பிரேக் வண்டியில் இவர் ஒருவராக உட்கார்ந்திருப்பார். திருநின்றவூருக்கு வெளியே அப்படி நிற்கிற இடம் ஏரியை ஒட்டியிருந்தது. மற்ற கார்டுகள் அங்கே ஒரு தூக்கம் போட்டுவிடுவார்கள். இவர் பறவை பார்ப்பார். முக்குளிப்பான், பாம்புத்தாரா, நாமக்கோழி என்று அதுகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரிந்தது அவர் வாயால்தான். வீட்டுக்கு வந்ததும் அடுக்களை வாசலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துத் தெரு வம்பு பேசுகிற மாதிரி அதுகளைப் பற்றிப் பேசுவார். மகளைப் பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தப் பறவைகள் இல்லாவிட்டால் பேச்சுக்கே பஞ்சம் வந்திருக்கும்.

ஏரி நிரம்பியிருந்த சமயம் ஒருநாள், சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன். எட்டு காலு."

"சிலந்தியா?"

"பறவை."

தாமரைக்கோழி என்று ஒன்று உண்டு. விரல்கள் குச்சி குச்சியாக நீண்டிருப்பதால் தாமரை இலை மேல் முழுகாமல் நடக்கும். அது ஒன்று இலை மேல் விறுவிறுவென்று ஓடியதாம். அதன் இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் கால்கள் வரிசையாகத் தொங்கினவாம். பிறகு ஓர் இடத்தில் நின்று குனிந்து இறக்கையைத் தூக்கியதும், உள்ளேயிருந்து குஞ்சுகள் பொலபொலவென்று இறங்கினவாம். பருந்தோ வேறெதுவோ வந்தால் குஞ்சுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது அதன் வழக்கம் என்றார். அடைகாப்பதும் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் அப்பன் பறவையாம். அம்மா முட்டையை இட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுமாம். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இதை என்னோடு நிறுத்தியிருக்கலாம். கார்டுகளும் டிரைவர்களும் படுத்து எழுகிற ரன்னிங் ரூமில் போய்ச் சொல்லிவிட்டார். அங்கே ஒருத்தர்கூட நம்பவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு 'எட்டுக்கால் கார்டு' என்று பெயர்.

"இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி காலு?" என்று எதிர்ப்பட்டவரெல்லாம் கேட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு டிரைவர், "குடிக்காமலே இவுருக்கு ரெண்டு காலு எட்டா தெரியுதே, ஒரு கைகாட்டி எத்தினியா தெரியுமோ? இவுரு பச்சைக் கொடி காட்டி நாம வண்டிய எடுக்கிறோமே அண்ணாத்தே!" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு அது வேடிக்கை. ஆனால் ரயிலில் கண்ணைப் பற்றிய வேடிக்கை கால் முளைத்து நடந்துவிடும். அது ரயில் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போயிற்று. எப்போதோ வரவேண்டிய கண் பரிசோதனையை இவருக்கு மட்டும் முன்னால் தள்ளிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் ரயில் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் கண்ணைக் காட்ட வேண்டும் என்று வாய்ச்சொல்லாக உத்தரவு வந்தது.

அந்தப் பரிசோதனை எப்படிப்பட்டது என்று ரயில்காரர் குடும்பங்களுக்குத் தெரியும். தேறினால் பழைய வேலை. தவறினால் கொடியையும் விளக்கையும் வாங்கி வைத்துக்கொண்டு, பார்சல் ஆபீஸில் மூட்டை எண்ணுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சம்பளம் தேய்ந்துவிடும். அதுகூடப் பெரிதில்லை. கார்டு வேலையை விட்டால் இந்த மனுஷருக்கு ஏரி இல்லை, பிரேக் வண்டி இல்லை, அடுக்களை வாசலில் உட்கார்ந்து சொல்ல எதுவுமே இல்லை.

"போட்டோ எடுத்துக் காட்டறேன். அப்பறம் யாருன்னா என் கண்ணைப் பத்திப் பேசட்டும்," என்றார்.

கேமரா வீட்டில் இருந்தது. சீமைக்குக் கப்பலேறின ஒரு வெள்ளைக்கார டிரைவர் போகிறபோது மலிவாகத் தள்ளிவிட்டுப் போன மரப்பெட்டிக் கேமரா, நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு துருத்தி. அதில்தான் மகள் கல்யாணத்தையே எடுத்தோம். அதை ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், தாமரைக்கோழியை ஒரு படம் எடுத்து வந்தார். கழுவிப் பார்த்தால் ஏரி இருந்தது, வானம் இருந்தது, நடுவில் கடுகு அளவுக்கு ஒரு புள்ளி. அது கோழியா தூசியா என்று நாங்கள் தர்க்கம் பண்ணினோம்.

"லென்ஸ் சோம்பேறி," என்றார். "தூரத்தை இழுக்கத் தெரியல."

தூரத்தை இழுக்கிற லென்ஸ் எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினோம். முதலில் மவுண்ட் ரோடு. நானும் கூடப் போனேன், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு. கண்ணாடி அலமாரிக்குள் வெல்வெட்டில் படுத்திருந்தது புது டெலிபோட்டோ லென்ஸ். விற்கிறவர் அதை வெளியே எடுத்து, எங்கள் கையில் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக் காட்டினார். விலையைச் சொன்னதும் நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். இவர் மட்டும் ஆற அமர அதைப் பார்த்துவிட்டு, "திமிர் புடிச்ச லென்ஸ்," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அடுத்தது மூர் மார்க்கெட். பழைய சாமான் கடை வரிசையில் ஒரு பாய் இருந்தார். பித்தளை, கண்ணாடி, கடிகாரம் எல்லாம் அவரிடம் குவிந்து கிடக்கும். எங்கள் வருத்தத்தைக் கேட்டுவிட்டு அடியிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்துத் தம் வேட்டியிலேயே துடைத்தார். பெரிய ஸ்டுடியோ ஒன்றில் முகம் எடுக்க வைத்திருந்ததாம், நீள லென்ஸ்.

"ஊட்டுக்கு எடுத்துனு போங்க சாப். கேமராவில மாட்டிப் பாருங்க. புடிக்கலேன்னா திருப்பிக் குடுங்க, நா இன்னா ஓடியா பூடப் போறேன்?"

கொல்லையில் ஸ்டாண்டை நிறுத்தி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நின்ற பனைமரத்தைக் குறி வைத்தார். இந்த மாதிரிக் கேமராவின் முதுகில் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். லென்ஸ் வழியாக வருகிற காட்சி அதில் தலைகீழாக விழும். கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காட்சி தெளிகிற வரைக்கும் துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பழைய லென்ஸுக்கு அந்த வேலையே அவருக்கு இல்லை. இத்தனை அடிக்கு இங்கே என்று பலகையில் என்றைக்கோ கோடு கிழித்து வைத்திருந்தார், அந்தக் கோட்டில் நிறுத்திவிட்டு எடுப்பார். புது லென்ஸுக்குக் கோடு கிடையாது, கண்தான் சொல்ல வேண்டும்.

துணிக்குள் போனவர் ரொம்ப நேரம் துருத்தியை இழுத்தார், தள்ளினார். வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"களிமண்ணு," என்றார். "எங்க நிறுத்தினாலும் தெளியல."

பாய் அதை வாங்கிக்கொண்டு இன்னொன்று கொடுத்தார். நிலம் அளக்கிற கருவி ஏதோ ஒன்றிலிருந்து கழற்றியது. மறுபடி கொல்லை, மறுபடி பனைமரம். இந்த முறை "கஞ்சித் தண்ணி" என்று பெயர் வைத்தார். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மா, சாப் கண்ணுக்கு என் கடையில எதுவும் புடிக்காது போல கீதே!"

இவர் சிரிக்கவில்லை. கண் என்கிற பேச்சையே அந்த நாளில் அவரால் தாங்க முடியவில்லை.

அதற்குள் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் ஞாயிறுகள் வந்துவிட்டன. கோயிலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பிரசங்கத்தைக் கவனிக்காமல் தோன்றிய யோசனைதான், இருந்தாலும் நல்ல யோசனை. எங்கள் சபையில் முன்பெல்லாம் மேஜிக் லாந்தர் காட்டுவார்கள். ஒரு தகரப் பெட்டிக்குள் விளக்கை வைத்து, முன்னால் கண்ணாடிப் படத்தைச் செருகினால், அது எதிரே கட்டின வேட்டியில் பெரிதாக விழும். தாவீதின் கையில் இருக்கிற கூழாங்கல் வரைக்கும் தெரியும். பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். பெட்டிதானே ஓட்டை, அதன் மூக்கில் இருந்த பெரிய லென்ஸுக்கு என்ன வந்தது?

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் கேட்டேன். பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"பறவையைப் படம் பிடிக்கவா? ஆண்டவர் படைச்சதைத்தானம்மா பிடிக்கப் போறீக, கொண்டு போங்க. ஈஸ்டருக்குள்ள திருப்பித் தந்தாப் போதும்," என்றார்.

காசில்லாத லென்ஸைவிட மலிவான லென்ஸ் உலகத்தில் ஏது? புடவைத் தலைப்பில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கேமராவின் முகத்தில் அது பொருந்தவில்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மரச்சட்டம் இழைத்து, பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு குழாய் செய்து பொருத்தினார். அந்த லென்ஸுக்கு மூடித் திறக்கிற கதவு கிடையாது. அதனால் அட்டையில் ஓர் ஓட்டை போட்டு, லென்ஸுக்கு முன்னால் மேலிருந்து கீழே விழுகிற மாதிரி ஒரு சட்டத்தில் தொங்கவிட்டார். அட்டை விழுகிற நொடியில் ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே போய்விடும். வேலை செய்கிறபோது மட்டும் மனுஷர் உற்சாகமாக இருந்தார். ஆணியைக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கொல்லையில் துணிக்குள் போனார். நான் வாசற்படியில் அரிசி பொறுக்கிக்கொண்டு, இந்த லென்ஸுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாரோ என்று காத்திருந்தேன். துருத்தி முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, மறுபடி போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. அவர் வெளியே வந்தார். துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார்.

தமக்குச் சரிப்படாத ஒரு சாமானை அவர் திட்டாமல் விட்டது அன்றைக்குத்தான்.

"இன்னாங்க?"

"இந்த லென்ஸ் மேல பழி சொல்ல முடியாது. ஊரே இது வழியாப் படம் பார்த்திருக்குது. நானும் பார்த்துகீறேன். இது தெளிவான லென்ஸுதான். என் கண்ணுதான் பூடுச்சு."

அரிசியை அப்படியே வைத்துவிட்டு, என்ன நினைத்தேனோ, நேரே போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அதற்குள் நான் நுழைந்ததில்லை. உள்ளே கற்பூர வாசனையும் அவர் தலை எண்ணெய் வாசனையும் கலந்து இருந்தது. முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. துருத்தியைக் கொஞ்சம் தொட்டேன். அம்மாடி! பனைமரம் தலைகீழாகத் தொங்கியது. ஒவ்வொரு ஓலையும் கத்தரித்து வைத்த மாதிரி தனித்தனியாக இருந்தது. மட்டையில் ஒரு காக்கை தலைகீழாக உட்கார்ந்து, அலகில் மின்னுகிற எதையோ வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியில் என் புருஷருக்குத் தெரியாத உலகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே சமயத்தில் குதூகலமும் அழுகையும் வந்தது.

வெளியே வந்தேன். அந்தக் காக்கை தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பனையைப் பார்த்தேன். எனக்கு மரம்தான் தெரிந்தது.

"அதுல காக்கா இன்னா பண்ணுதுன்னு தெரியுதா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடியே, தலையைச் சும்மா தூக்கி, "கம்பி வெச்சினு கீது. கூட்டுக்கு எடுத்துனு போகுது, பித்தளைக் கம்பி," என்றார் அலுப்பாக.

"கைகாட்டி?"

"எறங்கிக் கீது. பாஸஞ்சர் வரப்போகுது."

பாஸஞ்சர் வந்தது. நான் வாசற்படியிலிருந்து கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்து, அவர் எதிரே கையை நீட்டினேன். பொறுக்கி வைத்திருந்த கல்லும் நெல்லும் உள்ளங்கையில் இருந்தன.

"இதுல நெல்லு எது, கல்லு எது?"

அவர் தலையைப் பின்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். என் கையைப் பிடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

எனக்குச் சட்டென்று என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டினதும் ஊசியில் நூல் கோக்க எங்களைக் கூப்பிடுவாள், ஆனால் தெருக்கோடியில் யார் வந்தாலும் முதலில் அவள்தான் சொல்வாள். வெள்ளெழுத்து என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இந்த மனுஷர் இரண்டு மூன்று வருஷமாகப் பேப்பரைத் திட்டினார், அச்சு மை மட்டம் என்றார். வீட்டு விளக்கைத் திட்டினார். ஜெபத்தில் வேதம் வாசிக்கிறபோதெல்லாம் மனப்பாடமான சங்கீத அதிகாரத்தையே எடுத்தார். நானும் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன்!

"வெள்ளெழுத்துங்க! வேற ஒண்ணுமில்ல, வெறும் வெள்ளெழுத்து!" என்று கத்தினேன்.

அவர் நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரயில்காரர்களுக்குக் கண் என்றாலே தூரம்தான். சேர்ந்த நாளிலிருந்து கண்ணைப் பற்றி அவர்களிடம் கேட்டதெல்லாம் அந்தக் கைகாட்டி தெரிகிறதா, அந்த விளக்கு என்ன நிறம் என்பதுதான். கிட்டத்தில் பார்க்கிற பார்வை என்று தனியாக ஒன்று உண்டு, அது மட்டும் தேயலாம் என்று அவர்களில் ஒருத்தரும் யோசித்ததில்லை. கண் போனால் மொத்தமாகப் போயிற்று என்பதுதான் அவர்கள் கணக்கு. வெள்ளெழுத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் அதைப் பூ கட்டுகிறவர்களுக்கும் துணி தைக்கிறவர்களுக்கும் வருகிற சமாசாரம் என்று நினைத்திருந்தார். கடைக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுப் பாருங்கள் என்றேன். கண்ணாடியோடு யாராவது பார்த்துவிட்டால் பரிசோதனைக்கு முன்பே கதை முடிந்தது என்று மறுத்துவிட்டார். நான் சொன்னது நிஜமா இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"சரி, போட்டோவையாவது எடுப்போம் வாங்க," என்றேன். "கிட்டத்தை நா பாத்துக்கறேன், தூரத்தை நீங்க பாத்துக்குங்க."

அவருக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாள் காலை, பாஸஞ்சரில் திருநின்றவூருக்குப் போனோம். கேமராப் பெட்டியைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரி, "இன்னாம்மா, கோயிலுக்குப் பாடப் போறீங்களா? அந்த ஆர்மோனியத்த ஒரு தபா வாசிச்சுக் காட்டேன்," என்றாள். ஸ்டேஷனிலிருந்து கரையோரமாக நடந்தோம். தாமரைக்கோழிக்கு அப்போது அடுத்த ஈடு குஞ்சுகள் இறங்கியிருந்தன என்று பிரேக் வண்டியிலிருந்து பார்த்து வைத்திருந்தார். தாழை மறைவில் ஸ்டாண்டை நிறுத்தி, மேலே கோணியைப் போர்த்தினோம். சேறு கணுக்கால் வரைக்கும் ஏறியது. நல்லவேளை, நல்ல புடவை கட்டிக்கொண்டு வரவில்லை.

படம் பதிகிற பிளேட்டைச் செருகின பிறகு தேய்த்த கண்ணாடியில் எதையும் பார்க்க முடியாது. அதனால் பறவை எங்கே வரும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்த இடத்தைத் தெளிவாக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். எங்கே வரும் என்று சொல்வது அவர் வேலை.

"ஓரம் மடங்கின இலை ஒண்ணு கீது பாரு, அதுக்குப் பக்கத்துல ஒரு மொட்டு. அதுமேலதான் ஏறும்."

நான் துணிக்குள் தேடினேன். எல்லாம் தலைகீழ், இடது வலதாகவும் வலது இடதாகவும் இருந்தது. இலையைக் கண்டுபிடித்து, மொட்டின் நுனி ஊசி மாதிரி ஆகிற வரைக்கும் துருத்தியை நகர்த்தினேன். "ஆச்சு," என்றேன். அவர் பிளேட்டைச் செருகிவிட்டு அட்டையின் நூலைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியது. கொசு கடித்தது, அடிக்கவும் முடியாது. பறவை எங்கெங்கோ போயிற்று, அந்த இலைக்கு மட்டும் வரவில்லை. எனக்கு அதன்மேல் கோபம் வந்தது. அவருடைய வியாதி எனக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துச் சிரிப்பை அடக்கினேன்.

பிறகு மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. அவர் மூச்சு நின்றதை நான் கேட்டேன்.

அட்டை டொக்கென்று விழுந்தது.

"எடுத்துட்டேன்," என்றார். "அக்குள்ள இடுக்கிகினு ஓடியாந்துது. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது." அதை அவர் சொன்ன விதத்தில் பறவையைவிடத் தன் கண்ணைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

சமையலறை ஜன்னலைக் கம்பளியால் மூடிக்கொண்டு பிளேட்டைக் கழுவினோம். படத்தின் ஓரமெல்லாம் கரண்டியால் கலக்கின மாதிரி சுழன்றிருந்தது. லாந்தர் லென்ஸின் குணம் அது. நடுவில் மட்டும் தெளிவு. மடங்கின இலை, மொட்டு, இலை மேல் பாதி ஓட்டத்தில் தாமரைக்கோழி. இறக்கைக்கு அடியில் நூல் நூலாகத் தொங்கின கால்களை அவருக்காக நான் எண்ணினேன்.

"ஆறு," என்றேன்.

"எட்டு."

"ஆறுதாங்க. அதோட சொந்தக் காலையும் சேத்து."

"ரெண்டு காலு அந்தப் பக்கம் மறைஞ்சிருக்கும்," என்றார். விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

பரிசோதனை நாளில் அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனார். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். வீட்டில் காட்ட வேண்டும் என்று படத்தைத் தம் பையில் போட்டுக்கொண்டாராம். ஆனால் பரிசோதனை பரிசோதனைதான் என்று சொல்லிவிட்டாராம். அத்தனை பாடுபட்டு எடுத்த படம் வேலைக்கு ஒரு அணாவுக்குக்கூட உதவவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தது. தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். பார்சல் ஆபீஸில் மூட்டைகளுக்கு நடுவில் அவர் நிற்பது கண்ணில் வந்து வந்து போயிற்று. அவர் அங்கே மூட்டைகளைத் திட்டக்கூட மாட்டார், அதுதான் எனக்குப் பயம்.

கதவு திறந்தது. முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"கண்ணாடி போடணுமாம்."

பார்சல் ஆபீஸ்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"படிக்கறதுக்கு மட்டும்," என்றார். "தூரத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லியாம். இன்னும் எத்தினியோ வருஷம் கொடி காட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

கையில் இருந்த துணிப்பையால் ஒரு போடு போட்டேன். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன், அவர் பக்கத்தில் நின்று பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரன்னிங் ரூமில் அவர் பெயர் 'ஆறுகால் கார்டு' என்று மாறினது தவிர, அங்கே வேறு மாற்றமில்லை.

கண்ணாடி செய்து வந்த அன்று காலையில், கொல்லை வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு அதை மாட்டினார். முதலில் தம் கை ரேகையைப் பார்த்தார். பிறகு பறவைப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து, கால்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆறோடு நின்றதும், "இங்க வா, இதப் பாரு," என்று என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து படத்தின்மேல் குனிந்தேன். அவர் படத்தைக் காட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா?" என்று என் புருவத்துக்கு மேலே விரலை வைத்தார்.

"எண்ணெ தெறிச்சது."

"எப்ப?"

அவரை இரண்டு வாரம் வெளியூர் லைனுக்கு அனுப்பியிருந்தபோது, இரண்டு வருஷத்துக்கு முன்னால், மீன் வறுக்கிற எண்ணெய் தெறித்த தழும்பு. கொப்புளம் உடைந்து ஆறுகிற வரைக்கும் தனியாகக் கிடந்து தவித்தேன். அவர் வந்தபோது நெல் அளவு வடுதான் மிச்சம். ஏன் என்று கேட்பார் என்று, சோறு போடுகிறபோதெல்லாம் அந்தப் பக்கத்தையே அவருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாள் கணக்கில் காட்டினேன். கேட்கவில்லை. ஏரியில் இருக்கிற பறவையின் காலையெல்லாம் எண்ணுகிற மனுஷனுக்குச் சோறு போடுகிறவள் முகம் கண்ணில் படவில்லை என்று அன்றைக்கு வெறுத்தேன். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு, தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினபடியே என்னைப் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எந்தச் சாமானையும் திட்டவில்லை.

"வலிச்சுதா?" என்றார்.

"ரொம்ப வலிச்சுது," என்றேன். அழுதபடியேதான் சொன்னேன். உள்ளே குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.